தம்பியார் மேசையில் திறந்திருக்கும் பெட்டிகள்

என் தம்பி மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்க்கும் நண்பர்க்கும் முதலில் ஒரு திருத்தம். தம்பி நாள்தோறும் ஒருவருக்கு நன்றி சொல்லிவந்த பழக்கத்தைத் துக்கம் விசாரிக்க வந்தோர் தத்தம் கற்பனைக்கேற்ப விளக்கினர். தேர்தலில் நிற்க ஆசைப்பட்டார் என்றார் ஒருவர். யோகா வகுப்பில் கற்றது என்றார் மற்றொருவர். இரண்டும் தவறு.

எப்போதும்வென்றான் என்னும் ஊரில், மழையை நம்பிப் பருத்தி போட்ட குடும்பத்தில் பிறந்தோம். நான் கல்லூரிக்குச் சென்றேன். தம்பி பள்ளியோடு நின்று, கோவில்பட்டியில் தீப்பெட்டி வேலை பழகி, பின்னாளில் சொந்தமாகச் சிறிய ஆலை தொடங்கினார். முதல் சரக்கிலேயே குச்சிகள் ஈரம் கோத்துப் பற்றவில்லை, கடைக்காரர்கள் திருப்பியனுப்பினர். நான் கடை கடையாக ஏறி, அடுத்த சரக்குக்கு என் பெயர் பொறுப்பு என்றேன். அதன்பின் தம்பி நிமிர்ந்தார். குச்சி, மெழுகு, லேபிள், லாரி என்று அவருக்கு உட்காரவும் நேரமில்லாமல் போயிற்று.

ஓர் ஐப்பசியில், களத்தில் குச்சி காய்ந்துகொண்டிருந்தபோது திடீரென மழை இறங்கியது. பக்கத்துக் கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்த அம்மாள் ஒருவர் தம் வீட்டாரோடு ஓடிவந்து, அத்தனையையும் அள்ளி உள்ளே சேர்த்தார். தம்பியோ லாரிக்காரரோடு போனில் இருந்தார். ஒரு வாரம் கழித்து நன்றி சொல்லப் போனால், கிடை வேறு காட்டுக்குப் பெயர்ந்திருந்தது. மணியாச்சிப் பக்கம்வரை தேடியும் அவரைக் காணவில்லை.

மறுநாளே பழக்கம் தொடங்கியது. காலைத் தேநீர் வந்ததும், காலித் தீப்பெட்டி ஒன்றின் உட்பெட்டியில் ஒரு பெயரை எழுதி, பாதி திறந்தபடி மேசைமேல் வைப்பார். அன்றே அவரைத் தேடிச் சென்று நன்றி சொன்ன பிறகுதான் அதை மூடுவார். போனில் சொன்னால் செல்லாது; நேரில் சொல்லவேண்டும். இதுவே விதி. முதலில் எழுதிய ‘ஆட்டுக்கார அம்மா’ பெட்டி மட்டும் மூடப்படாமலே இருந்தது.

இதனால் நான் பட்ட சங்கடம் கொஞ்சமல்ல. உறவினர் திருமணத்தில், சபை நடுவே, தண்ணீர் லாரி ஓட்டுநரை நிறுத்திக் கைகூப்பினார். ஓட்டுநர் பதறிக் கேட்டார்.

“அண்ணாச்சி, ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே? டாக்டர் எதும் சொல்லிட்டாரா?”

“நல்லாத்தாம்லே இருக்கேன். அன்னைக்குத் தண்ணி கொண்டாந்தேல்லா, அதுக்குத்தான்.”

“அதுக்கா இப்படிக் கும்பிடுதீய? எலெக்சன்ல நிக்கீயளோ?”

பந்தியே சிரித்தது. நான் சாப்பிடாமல் எழுந்து வந்தேன்.

ஒருநாள் அம்மேசையில் ‘அண்ணன்’ என்று எழுதிய பெட்டியைக் கண்டேன்.

“நன்றி சொல்ல நான் என்ன அசலூர்க்காரனா? எடுலே அத.”

“சொன்னாத்தாம்ணே மூட முடியும்.”

“சொன்னேன்னா இந்த ஆபீசுல காலெடுத்து வைக்க மாட்டேன்.”

தம்பி என் சொல்லைத் தட்டியதில்லை; அதனால் நன்றியைச் சொல்லவில்லை. பெட்டியையும் எடுக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது. வந்துபோகும் வியாபாரிகள் என்னையே கேட்டனர்: “அண்ணாச்சி, ஒங்க பெட்டி இன்னும் மூடாமக் கெடக்கே, அண்ணன் தம்பிக்குள்ள எதும் பேச்சுவார்த்தை இல்லயா?” குடும்பப் பெயரைக் காத்துவந்த எனக்கு இது தேவைதானா?

இறுதி நாள்களில், மருத்துவமனையில், மூச்சுக்கிடையே தம்பி தொடங்கினார்.

“அண்ணே, அந்தப் பெட்டி…”

“மொதல்ல கஞ்சியக் குடி. மத்ததெல்லாம் வீட்டுக்கு வந்து பேசிக்கிடலாம்.”

குடித்தார். மறுநாள் எங்களைப் பிரிந்தார்.

என் மறுப்பைப் பெருந்தன்மை என்றே எண்ணியிருந்தேன். சொல்ல வந்தவரைச் சொல்ல விடாமல் அனுப்பியிருக்கிறேன். அதற்கு என்ன பெயர் என்று என் படிப்பில் சொல்லித்தரவில்லை.

உடனிருந்து உதவிய அண்டை வீட்டாருக்கும், செவிலியர்க்கும், வேலையை நிறுத்திவிட்டு மயானம்வரை வந்த ஆலைப் பெண்மணிகளுக்கும், துக்க வீட்டுக்கு மூன்று நாளும் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்த அந்த ஓட்டுநருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஓட்டுநரிடம் நேரிலும் சொல்லிவிட்டேன். இம்முறை அவர், தேர்தலில் நிற்கிறீர்களா என்று கேட்கவில்லை.

தம்பியாரின் மேசையில் இப்போது மூன்று பெட்டிகள் உள்ளன: ‘ஆட்டுக்கார அம்மா’, ‘அண்ணன்’, நான் எழுதி வைத்த ‘தம்பி’. நேரில் சொன்னால்தான் மூடலாம் என்பது அவர் விதி. அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. ஆலைக்கு வரும் உறவினர்கள், மேசையை ஒழுங்குபடுத்துவதாக எண்ணி அவற்றை மூடிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.