எதிர்வீட்டு ஜனாஸாவும் டெக்சாஸ் விருந்தாளியும்

நசீர் பாய்க்கு இன்று ஆர்டர் கிடைத்துவிட்டது. இப்போதுதான் எனக்கு மூச்சு வருகிறது.

பாய் எங்கள் ஆம்பூர்த் தெருவில் ஷூ தைக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். முப்பது பெண்களுக்கு வேலை. ஆறு மாதமாக ஆர்டர் இல்லை.

யூனிட்டைப் பார்க்க டெக்சாஸிலிருந்து கார்சா வந்திருந்தார். மெக்சிகோ வம்சாவளிக்காரர். டெக்சாஸில் ஷூ கடை வைத்திருக்கிறார். கடைத்தெரு சங்கத் தலைவரும்கூட. மொழிபெயர்க்க என்னை அழைத்திருந்தார்கள்.

காலையில் எதிர்வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார். ஜனாஸா ஊர்வலம் புறப்படும்வரை எங்கள் தெருவில் மெஷின் ஓடாது.

"சார், சாவுக்கெல்லாம் மெஷின நிறுத்துனா டைமுக்கு சரக்கு வராதுன்னு நெனச்சுக்குவாரு. கரண்ட் இல்லன்னு சொல்லிடுங்க" என்று என் காதில் சொல்லிவிட்டு பாய் தோள் கொடுக்க ஓடினார்.

சொன்னேன். கார்சா தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

காப்பியடித்து மாட்டிய பையனைப் போல உண்மையைச் சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றார். "இப்படிப்பட்ட நாளில் நான் கடையைத் திறந்தால் எங்கள் தெருவில் யாரும் என்னுடன் பேச மாட்டார்கள்" என்றார்.

பாய் பதறியபடி திரும்பினார். "இன்னா சொன்னாரு சார்?"

"மெஷின் ஓடுற வரைக்கும் இருக்காராம், பாய்."

மதியம் மெஷின் ஓடியதும் கார்சா தையலை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

பொய் சொல்லாதே என்று முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான். என்னிடம் படித்தவர்கள் பின்னூட்டத்தில் கொஞ்சம் மெதுவாகவே அடிக்கவும்.