சனிக்கிழமைச் சிரிப்பு

நாங்கள் இப்போது இருக்கும் புருசெத் வீட்டில் அப்பாவும் நானும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். பழைய நகைச்சுவைத் தொடர் ஒன்றுக்கு ஆண்டு நிறைவாம். அதில் நடித்தவர்கள் கூடியிருந்து, "அது ஒரு காலம்" என்று உருகினார்கள். பிறகு ஒரு பழைய காட்சியைப் போட்டார்கள். எங்களைப் போல் குடியேறி வந்த ஒருவராக வேடமிட்டு, முகத்தில் மண்ணிறம் பூசிய நடிகர் நோர்வேஜிய மொழியைக் கடித்துத் துப்ப, அரங்கம் சிரித்தது.

அந்தச் சிரிப்போடு, என் சின்ன வயதில் நாங்கள் இருந்த மீன்பிடி ஊரான பாட்ஸ்பியோர்ட் வீட்டின் மீன் வெடுக்கு நாற்றமும் நினைவில் வந்துவிட்டது. மீன் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பாவின் கையை விட்டு, எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் அது போகாது. அந்த நாட்களில் சனிக்கிழமைகளில் அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்து, இதே நடிகரைப் பார்த்துச் சுவர் அதிரச் சிரிப்பார். மொழி விளங்காமல் சிரிக்கிறாரே என்று, பள்ளியில் அந்த மொழி படித்த எனக்கு வெட்கமாக இருக்கும்.

இன்று அவர் சிரிக்கவில்லை.

"அந்த நேரம் உங்களுக்கு இது விளங்கேல்லையோ அப்பா?" என்று கேட்டேன்.

"விளங்கினதுதான் பிள்ளை. திங்கக்கிழமை வேலையிடத்துச் சாப்பாட்டு அறையிலை கூட வேலை செய்யிறவங்கள் இதை எனக்கு முன்னாலை நடிச்சுக் காட்டுவாங்கள். நானும் சேர்ந்து சிரிக்கோணும். அதுக்குத்தான் வீட்டிலை சிரிச்சுப் பழகினனான்."