முளை கட்டிப் பார்த்தவள்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அவள் வந்த நாளிலிருந்தே எனக்கு வயிற்றெரிச்சல்தான். தஞ்சாவூருக்கு வெளியே, ஜன்னலைத் திறந்தால் வயல் தெரிகிற கல்லூரி. எனக்கு ஊர் குத்தாலம், அவளுக்கு வலங்கைமான். என்னைவிட இளையவள்; வாய் நிறைய "அக்கா". ஆலையிலிருந்து வாங்கி வந்த உமியைக் கருக்கி, அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கார்பன் துகள்களைப் பிரித்தெடுத்தாள். புற ஊதா விளக்கடியில் வைத்தால் அந்தக் கரைசல் நீலமாக ஒளிரும். உடம்புக்குள் செலுத்தினால் புற்றுக்கட்டி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பது திட்டம். அவளும் அந்த நீலமும் செய்தித்தாளில் படமாக வந்தார்கள். படத்தின் ஓரத்தில் என் முழங்கை இருந்தது.

அந்தத் துகள் நல்ல செல்களைக் கொன்றுவிடுமா என்று பார்ப்பது என் வேலை. தட்டில் வளர்த்த செல்களுக்குத் துகளைக் கொடுத்துவிட்டு, மறுநாள் மஞ்சள் சாயம் ஊற்றுவோம். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். ஊதா குறைந்தால் செல்கள் செத்துவிட்டன என்று பொருள். அவள் வருவதற்கு முன்பு நானும் வைக்கோலிலிருந்து இப்படி ஒரு துகள் செய்திருந்தேன். இதே சோதனையில் ஊதா சரியாக வரவில்லை. நஞ்சு என்று முடிவு கட்டி, இருந்த பொடியையெல்லாம் கழிவில் சேர்த்தேன். அதன் பிறகுதான் அடுத்தவர்களின் துகள்களைச் சோதிக்கிற ஆளாக ஆனேன்.

அவளுடைய தட்டிலும் ஊதா வெளிறிப்போனது. எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. முகத்தை மட்டும் துக்க வீட்டுக்குப் போகிற மாதிரி வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னேன்.

"நெஜமாவே செத்துப்போச்சாக்கா?"

"தட்டு இங்கதான இருக்கு, நீயே பாரேன்."

பார்த்தாள். புதிதாகச் செல்களை வளர்த்து, துகளைக் கொடுத்தாள். மறுநாள் சாயம் ஊற்றாமல் அவற்றைக் கழுவி, வேறு தட்டுக்கு மாற்றி, புது ஊட்டம் கொடுத்து வைத்தாள். எதற்கு இது என்று கேட்டேன்.

"எங்க வீட்ல வெத நெல்ல வெறுமனே பாத்து நல்லது கெட்டதுன்னு சொல்ல மாட்டாங்கக்கா. ஒரு பிடிய ஊற வச்சு ஈரச் சாக்குல கட்டி வைப்பாங்க. மொளைச்சாத்தான் உசிரு இருக்குன்னு அர்த்தம்."

சில நாளில் தட்டு நிறையச் செல்கள் பெருகிக் கிடந்தன. அப்புறம் அவள் செல்லே இல்லாத ஊதாச் சாயத்தில் துகளைப் போட்டாள். அதுவும் வெளிறியது. கரி தன் மேல் சாயத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். செல்கள் சாகவே இல்லை. கல்லீரலில் போய்த் தங்குமா, சிறுநீரில் வெளியேறுமா என்று எலியில் பார்க்கிற வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் அவளுடைய துகள் அந்தக் கட்டம் வரைக்கும் போய்ச் சேரும்.

எங்கள் வீட்டிலும் விதை நெல்லை முளை கட்டித்தான் பார்த்தார்கள். சாக்கைப் பிரிக்கும்போது வருகிற அந்த வெதுவெதுப்பான வாசனைகூட எனக்குத் தெரியும். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? அன்று அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க வைக்கோல் துகளும் இதே மாதிரி சாயத்த இழுத்திருக்கும்ல? கொஞ்சம் குடுங்க, அதையும் மொளை கட்டிப் பாத்துடுவோம்."

"இல்ல. எல்லாத்தையும் அப்பவே கொட்டிட்டேன்."

"எல்லாத்தையுமாக்கா?"

தலையாட்டினேன். அவளுடைய கண் நிறைந்து, கன்னத்தில் வழிந்தது. நடிப்பில்லை, நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். என் துகளுக்காக அழுவதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள்.