குசினிக்குப் போன பொதி

கடலோரக் கண்டக்குழியில், ஸ்பெயின்காரர்கள் வந்து தங்கும் விடுதியொன்றில் நான் வேலை செய்தபோது குசினியில் சமையல்காரராக இருந்தவர் அவர்; எங்களுக்கெல்லாம் 'நானா', அதாவது அண்ணன். நரைத்த தாடி, மடித்துக் கட்டிய சாரம். எதைக் கொடுத்தாலும் வாங்குபவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் கையை விடுவார்.

நான் வரவேற்பு மேசையில் இருந்தபடி இரண்டு கொப்பி நிறைய ஸ்பானிய இலக்கணம் எழுதியவன். 'மே' என்றால் எனக்கு, 'தே' என்றால் உனக்கு, 'லே' என்றால் அவருக்கு. வாயைத் திறந்தால் எல்லாம் இடம் மாறிவிடும். அவரோ ஸ்பெயின்காரர்களுக்குக் காலை ரொட்டியான பாணைத் தட்டில் நீட்டிக்கொண்டே அவற்றைப் பிழையில்லாமல் சொல்வார். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"எப்படி, நானா, பிழைவிடாமச் சொல்றீங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பாணக் குடுக்கக்குள்ள யாருக்குக் குடுக்கிறனெண்டு பாக்கிறன், அது தன்னால வருது. நீங்க கொப்பியத்தானே தம்பி பாக்கிறீங்க."

பிறகு ஒரு மாதம் அவரோடு நான் சரியாகக் கதைக்கவில்லை.

ஒரு ஸ்பெயின் பெண் ஊருக்குத் திரும்பும்போது என் மேசையில் அழகான பொதியொன்றை வைத்து, "அவருக்குக் கொடுங்கள்" என்றாள். கொப்பி பாராமல் எனக்கு விளங்கிய முதல் ஸ்பானிய வசனம் அதுதான். யாருக்கு என்று கேட்கவும் தேவைப்படவில்லை.

குசினிக்குப் போய்ப் பொதியை நீட்டினேன். அவர் முகத்தை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.