ஏழு பேரில் ஒருத்தி

கொடைக்கானல் பக்கம் பள்ளங்கித் தோட்டங்களில் பிடுங்கிய கேரட்டைக் கழுவுவது சிவபாக்கியத்தின் வேலை. வயது அறுபத்தைந்து. கணவர் இறந்து பதினோரு வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. சிவபாக்கியத்தின் வீட்டை ஒட்டிய அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பாஸ்போர்ட்டை வாங்கி, முத்திரைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"இத்தன தேசத்துலயும் உன்னைய உள்ள உட்டாங்களா புள்ள?"

"விசா இருந்தா விடுவாங்க பெரியம்மா."

"ஒனக்குச் சரி. நான் சிலோன்லருந்து கையெழுத்துப் போட்டுட்டு வந்தவ."

இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர் அவர். இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட ஒப்பந்தம் தோட்டத் தமிழர்களைத் தலைக்கணக்கில் பிரித்தது. ஏழு பேர் இந்தியா போனால் நாலு பேருக்கு இலங்கைக் குடியுரிமை. இவருடைய அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார். அக்கா வள்ளியைக் கட்டிக்கொடுத்த குடும்பம் அங்கேயே தங்கியது. 1979இல், தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது அழுத மகளிடம் அப்பா சொன்னார்:

"நாம ஏழுல உள்ளவங்க. ஒருத்தர் திரும்பிப் போனாலும் கணக்கு ஒடைஞ்சிரும். ஒங்கக்காளுக்குப் பிரஜா உரிமை போயிரும்."

அதை நம்பித்தான் நாற்பத்தாறு வருடம் இந்த மலையிலேயே இருந்துவிட்டார். அத்தான் சாவுக்கும் போகவில்லை. இப்போது வள்ளிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரி. போனில் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: "ஒரு தடவ வந்துட்டுப் போவியாடி?" ஒரே பதில்: "சட்டம் உடாதுக்கா."

ஒப்பந்தத்தைத் தேடிப் படித்தேன். வத்தலக்குண்டில் வக்கீலாக இருக்கும் ரோகிணியிடமும் கேட்டுக்கொண்டு, மறுநாள் சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

"அது ரெண்டு அரசாங்கமும் ஒண்ணுக்கொண்ணு கொடுத்துக்கிட்ட வாக்கு, பெரியம்மா. எத்தனை பேரை யார் ஏத்துக்கணும்னுதான் அதுல இருக்கு. பாக்கப் போகக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. நீங்க போய் வந்தா உங்க அக்காவோட உரிமை போகாது."

"இப்ப மாத்துனாங்களா?"

"இல்ல. அன்னைக்கே அப்படித்தான்."

அவர் கால்களில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னைய யாரு புள்ள தடுத்தது?"

தன் போனை நீட்டி அக்காவைக் கூப்பிடச் சொன்னார். மெலிந்த குரல் கேட்டது.

"அக்கா, சட்டத்த மாத்திட்டாங்களாம். போன வாரந்தான்."

"ஆகா, எம்புட்டு வெரசா மாத்திட்டானுவ! ரெண்டு பேருக்கும் பல்லு போனப்புறம்" என்று வள்ளி சிரித்து, இருமினார். "வர்றப்ப ஒங்க ஊரு மலைப்பூண்டு கொண்டாந்துருடி. கட்டாயம் வருவியா?"

"வர்றேன்க்கா."

போனை வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவகிட்ட நெசத்தச் சொல்லிராத. இத்தன வருசமும் சும்மா அழுதோம்னு அவளுக்குத் தெரிய வேணாம். நான் ஒருத்தி தெரிஞ்சுக்கிட்டது போதும்."

விண்ணப்பம் போட்டோம். மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் புதன்கிழமைக்கு நேரம் கிடைத்தது. கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். வெள்ளனே முதல் பஸ்ஸில் தனியாகப் போனார்.