கவர் பிரிக்காத பவர் மெஷின்

போன வாரம் எனக்கு ஒரு திடீர் பதவி கிடைத்தது. மொழிபெயர்ப்பாளர்! சம்பளம்? ஒரு வடை, ஒரு காபி.

அவனியாபுரத்தில் நண்பர் அருள்ராஜ் தையல் பயிற்சி மையம் நடத்துகிறார். பணம், மெஷின் எல்லாம் வெளிநாட்டு அமைப்பு ஒன்றின் நன்கொடை. அதன் அதிகாரி பார்வையிட வருகிறாராம். "அண்ணே, நீங்க கூட நின்னு ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல பேசி விட்டாப் போதும்" என்றார். போனேன்.

வாசலில் பிளெக்ஸ், பன்னீர், மாட்டுத்தாவணி மல்லிகை மாலை... உள்ளே, நன்கொடையாக வந்த பவர் மெஷின்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். எல்லாம் வந்து இறங்கிய பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே! பயிற்சி நடப்பதோ, மூலையில் கிடக்கும் பழைய மிதி மெஷின்களில்.

கவரை ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன். "என்னண்ணே இப்பிடிக் கேக்குறீங்க? இம்புட்டு நல்ல பொருளு... ஆளாளுக்குத் தொட்டா அழுக்காயிரும்ல? அவுக வந்து பாக்கையில புதுசா இருக்க வேணாமா?" என்றார் அருள்ராஜ்.

பக்கத்தில் நின்ற முத்துச்செல்வி மெதுவாகச் சொன்னார். பேரையூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து படிப்பவர். "சார், திங்கக்கிழமை கார்மென்ட்ஸ் கம்பெனில இன்டர்வியூ. பவர் மெஷின்ல தச்சுக் காட்டணுமாம். நாங்க அதத் தொட்டதே பொட்டு வைக்கத்தான் சார்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அதற்குள் அதிகாரியும் வந்துவிட்டார். பொன்னாடை போர்த்தினோம். மனிதர் நேராக மெஷினிடம் போய், ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டார்.

அருள்ராஜ் என் முழங்கையைக் கிள்ளினார். "தெனமும் ஓட்டிட்டு மூடி வைக்கிறோம்னு அடிச்சு விடுங்கண்ணே!"

நான் முத்துச்செல்வியைப் பார்த்தேன். அவர் 'சொல்லுங்க' என்பதுபோல் தலையாட்டினார். அவர் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன் — பொட்டு உட்பட.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். கத்தரிக்கோல் வாங்கி கவரை வெட்டினார். முத்துச்செல்வியை உட்காரச் சொன்னார். தைக்கத் துணி? எல்லாம் கண்காட்சிக்காக அட்டையில் ஒட்டிக் கிடந்தன. அவரே தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து நீட்டினார்!

பெடலில் கால் பட்டதுதான் தாமதம்... மெஷின் வாடிவாசல் காளையாகப் பாய்ந்தது. தையல் கோணல்மாணல். அருள்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார். முத்துச்செல்வி விடவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டி, கடைசியில் ஒரு நேர்க்கோடு போட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

அடுத்த வருஷமும் உதவி உண்டு என்றார் அதிகாரி. ஒரே கண்டிஷன் — மறுபடி வரும்போது மெஷின்கள் அழுக்காக இருக்க வேண்டும்! அந்தக் கோணல் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டே ஏர்போர்ட் கிளம்பினார்.

திங்கள் சாயங்காலம் முத்துச்செல்வி போன். "சார், வேலைக்கு எடுத்துக்கிட்டாக! ரெண்டு நாளா அந்த மெஷின விட்டு எந்திரிக்கவே இல்ல சார்!" கேட்ட எனக்கு மனசெல்லாம் குளிர்ந்தது.

வாங்குவதில் நமக்கு இருக்கும் ஆசை, பயன்படுத்துவதில் ஏன் இல்லை? அந்த ஞானோதயத்தில் எங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் கவரைப் பிரித்தேன். "புதுசா இருக்கட்டும்ங்க, எதுக்குப் பிரிக்கிறீங்க?" என்று பதறினார் மனைவி.

ரிமோட் புதுசாகத்தான் இருக்கிறது. டிவிதான் போன வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டது!