வாழையோடு போன வெற்றிலை

காலை பத்து இருபதுக்கு நான் இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களையும் கட்டுரைகளையும் அழித்தேன். பத்து நாற்பதுக்கு அவற்றின் சொந்தக்காரர் படியேறி வந்தார். நடுவில் இருந்த இருபது நிமிடமும் நான் அல்வா தின்றுகொண்டிருந்தேன்.

டிடிபி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். சிரித்து முடித்த பிறகு, உங்கள் கம்ப்யூட்டரில் எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டர் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு ஒரு கணக்கு

எங்கள் கடை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு லாட்ஜுக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, வடிவமைத்து, பைண்டிங் போட்டுக் கொடுப்பது தொழில். முதலாளி ராஜாமணி அண்ணன். நான் அங்கே சீனியர். சீனியர் என்றால், தப்பு நடந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற ஆள்.

முன்பெல்லாம் மேற்கோள் எண்களைக் கையால்தான் போடுவோம். நடுவில் ஒரு எண்ணைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் இருக்கும் எண்பது எண்களையும் மாற்ற வேண்டும். அப்புறம்தான் ஆன்லைன் ரெஃபரன்ஸ் மென்பொருள் வந்தது. ஆய்வாளர் படித்த ஒவ்வொன்றின் ஆசிரியர், ஆண்டு, தலைப்பு எல்லாவற்றையும் இணையக் கணக்கில் ஒரு தடவை சேர்த்துவிட்டால் போதும். வேர்டில் வேண்டிய இடத்தில் பட்டனை அழுத்தினால் மேற்கோள் வந்து உட்காரும். கடைசியில் நூற்பட்டியலும் தானாக வந்து நிற்கும். அதைப் பார்த்த முதல் நாள் நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அதற்கு ஒரு கும்பிடு போட்டேன்.

ஆனால் ராஜாமணி அண்ணன் அதற்கு ஒரு மதுரைத் திருத்தம் செய்தார். ஆய்வாளருக்கு ஒரு கணக்கு என்பதுதான் முறை. அவர் கடைக்கே ஒரு கணக்குதான் தொடங்கினார். "ஒரே வீட்டுக்கு எதுக்குய்யா பத்துச் சாவி?" என்றார். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு ஃபோல்டர். இலவசக் கணக்கு என்பதால் இடம் குறைவு. பிடிஎஃப்களை ஏற்ற ஏற்ற மூச்சு முட்டும். எனவே ஒரு வழக்கம் உண்டாயிற்று. வைவா என்னும் வாய்மொழித் தேர்வு முடிந்தவர் இனிப்புப் பெட்டியோடு கடைக்கு வருவார். பெட்டியைப் பிரித்த கையோடு அவருடைய ஃபோல்டரை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிடுவோம்.

அன்று காலை வந்தவர் வாழை சாகுபடியில் ஆய்வு செய்தவர். நெய் வழியும் அல்வா. நான் இடது கையால் அல்வாவை எடுத்து, வலது கையால் 'வாழை' ஃபோல்டரை அழித்தேன். "உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து அழிக்கவா?" என்று அது கேட்டது. நல்ல மனநிலையில் இருந்ததால் சம்மதித்தேன். குப்பையையும் கொட்டினேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, இரண்டுமே பயிர்தானே என்று ஒரு புத்திசாலி 'வெற்றிலை' என்ற ஃபோல்டரை 'வாழை'க்குள் நுழைத்து வைத்திருந்தான். அந்தப் புத்திசாலியும் நான்தான்.

பாண்டியம்மாள் டீச்சர்

வெற்றிலைக்குச் சொந்தக்காரர் பாண்டியம்மாள் டீச்சர். சோழவந்தானில் பள்ளிக்கூடத்தில் பொருளாதாரம் நடத்துகிறார். வெற்றிலை பயிரிடும் கொடிக்கால் விவசாயிகளின் வாழ்க்கை பற்றிப் பகுதி நேரமாக ஏழு வருடம் ஆய்வு செய்தவர். விடுமுறை நாளெல்லாம் கொடிக்காலுக்குள் குனிந்து குனிந்து நடந்து பேட்டி எடுத்தவர்.

அன்றைக்கு அவர் மூச்சு வாங்க வந்தார்.

"அண்ணே, ஒரு அவசரம். இந்த நம்பர் போட்ட மேற்கோளெல்லாம் ஆகாதுன்னு யுனிவர்சிட்டி ஆபீஸ்ல திருப்பி விட்டுட்டாங்க. ஆசிரியர் பேரும் வருசமும்தான் போடணுமாம். இன்னைக்கு சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள மறுபடி போர்ட்டல்ல ஏத்தணும்."

"நாளைக்கு ஏத்துனா என்ன டீச்சர்?"

"என் நீட்டிப்பு இன்னையோட முடியுது. ஏத்தலைன்னா பதிவே ரத்து. ஏழு வருசமும் போச்சு."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று போடத் தோன்றுகிறது.

"டீச்சர், இது ஒரே பட்டன். வேர்டுல மேலே மேற்கோள் பட்டை தெரியுதா? அதுல செட்டிங்ஸை அமுக்கி, ஆசிரியர்-ஆண்டு முறையைத் தேர்ந்தெடுத்தா இருநூத்திப் பன்னெண்டும் மாறிரும். நீங்க உக்காந்து அல்வா சாப்பிடுங்க."

ஃபைலைத் திறந்துவிட்டு, ஒரு பார்வை பார்க்கலாமே என்று லைப்ரரிக்குப் போனேன். வாழை இருந்த இடம் வெறும் இடமாக இருந்தது. வெற்றிலை எங்கே என்று தேடினேன். பிறகு எனக்குப் புரிந்தது. புரிந்ததும் வாயிலிருந்த அல்வா இறங்க மறுத்தது.

"என்னண்ணே ஆச்சு?"

"நெட்டு கொஞ்சம் மெதுவா இருக்கு டீச்சர்."

ராஜாமணி அண்ணன் பைண்டிங் மேசையிலிருந்து எழுந்து வந்து என் காதோரம் குனிந்தார். "மாப்ள, மூஞ்சி ஏன் சுண்ணாம்பா இருக்கு?"

சொன்னேன்.

"குப்பைத் தொட்டியில பாரு."

"குப்பையையும் நான்தாண்ணே கொட்டுனேன்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "எந்த வேலையையும் அரைகுறையாத்தானடா செய்வ. இதை மட்டும் ஏன் முழுசாச் செஞ்ச?"

மூன்று ஒயர்

பயத்தில் என் மூளைக்கு ஒரே ஒரு யோசனைதான் வந்தது. ஆனையூரில் என் வீட்டு லேப்டாப்பிலும் கடைக் கணக்கு இருக்கிறது. அதைத் திறந்து நான்கு நாள் ஆகிறது. அதன் உள்ளே வெற்றிலை பத்திரமாக இருக்கும். ஆனால் இணையம் கிடைத்த மறுநொடி, அது கடைக் கணக்கிடம் விசாரித்து, "ஓ, அழிச்சாச்சா?" என்று தன்னிடம் இருப்பதையும் அழித்துவிடும். ஒத்திசைவு என்று அதற்குப் பெயர். நல்ல நாளில் அது வரம்.

மாடிப்படியில் நின்று என் மனைவி செல்விக்குப் போன் போட்டேன்.

"லேப்டாப் எங்க இருக்கு?"

"இந்தா, முன்னாடிதான். ரேசன் கார்டுல பேரு திருத்தணும்னு ஆன் பண்ணப் போறேன்."

"தொடாத! வைஃபை பெட்டி ஒயரைப் புடுங்கு!"

"என்னங்க, காலையிலேயே கிறுக்குப் பிடிச்சிருச்சா? எந்த ஒயரு? இங்க மூணு இருக்கு."

"மூணையும் புடுங்கு!"

புடுங்கினாள். அன்று எங்கள் வீட்டில் வைஃபை, மிக்ஸி, மீன்தொட்டி மோட்டார் மூன்றும் ஓய்வெடுத்தன.

டீச்சரிடம் "வீட்ல ஒரு கேபிள் இருக்கு, எடுத்துட்டு வாரேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். வைகைப் பாலத்தில் எனக்கு முன்னால் ஒரு கரும்பு லாரி. தத்தனேரி மயானத்தைக் கடக்கும்போது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விஷயம் தெரிந்தால் டீச்சர் எனக்கு அங்கே இடம் பிடித்துவிடுவார் என்று தோன்றியது.

வீட்டில் செல்வி லேப்டாப்புக்கு முன்னால் காவல் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்பின் வைஃபையையும் அணைத்துவிட்டு, இணையம் இல்லாமலே திறந்தேன். 'வாழை' இருந்தது. அதற்குள் 'வெற்றிலை'. எண்ணிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு. நான் லேப்டாப்பைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

செல்வி சொன்னாள்: "கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல என்னைய ஒரு தடவை இப்படித் தூக்கியிருப்பீங்களா?"

லேப்டாப்பைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

கே யார்?

கடைக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டரை. என் நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ராஜாமணி அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"கேபிள் கிடைச்சுச்சாண்ணே? உங்களைக் காணோம்னு அந்தப் பட்டனை நானே அமுக்கிட்டேன். அம்புட்டும் மாறிருச்சு."

திரையைப் பார்த்தேன். எல்லா மேற்கோளும் பெயரும் ஆண்டுமாக நின்றன. நூற்பட்டியல் அகர வரிசையில் நின்றது.

மந்திரம் ஒன்றுமில்லை. வேர்டில் போடும் ஒவ்வொரு மேற்கோளும் தன் விவரத்தை ஒரு பிரதி எடுத்துத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். லைப்ரரி அழிந்தாலும் ஃபைல் அதை வைத்துக்கொண்டு முறையை மாற்றிவிடும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். புதியவர்களுக்கு முதல் வாரமே நான் சொல்லித்தரும் பாடம். தெரிந்ததை மறப்பதற்குத்தான் பயம் என்று பெயர். பாலத்தைத் தாண்டி ஆனையூர் வரை போய் வந்தவனுக்கு ஆறுதலாக இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

அப்படியே கதை முடிந்திருந்தால் நான் அந்த வட்டாரத்தின் நிரந்தர நகைச்சுவையாக ஆகியிருப்பேன். ஆனால் டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை ஒட்டிக் குனிந்தார்.

"அண்ணே, 'கே., 2012'ன்னு வருது. இந்தக் கே யாரு?"

பார்த்தேன். ஒரு கே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் கே, எஸ், பி என்று வெறும் எழுத்துகளாக நின்றன. இந்த மென்பொருள் வெளிநாட்டில் பிறந்தது. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கிறது. நம் ஊரில் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? 'முருகேசன் கே' என்று இருந்ததை அப்படியே ஏற்றியபோது, கடைசியில் நின்ற கே குடும்பப் பெயராகிவிட்டது. எண் முறையில் மேற்கோள் வெறும் எண்ணாக நின்றதால் ஏழு வருடமும் இது யார் கண்ணிலும் படவில்லை.

"கே சொல்றாரு, எஸ் மறுக்குறாருன்னு எழுதுனா ஆய்வு மாதிரியாண்ணே இருக்கு? பஸ் ரூட் மாதிரில இருக்கு!" என்றார் டீச்சர். அடுத்த பக்கத்துக்குப் போனதும் அவர் குரல் மாறியது. "ஐயோ, எங்க கைடு கட்டுரையை ஒன்பது இடத்துல சொல்லியிருக்கேன். ஒன்பது இடத்துலயும் வெறும் ஆர்.னு நிக்குது. இதை ஏத்துனா அவரே திருப்பி அனுப்பிருவாரு."

வேர்டில் கையால் திருத்தினால் நிற்காது. அடுத்த தடவை புதுப்பிக்கும்போது பழைய கே திரும்பி வந்துவிடுவார். லைப்ரரியில்தான் திருத்த வேண்டும். அந்த லைப்ரரி உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. என் தோளில் தொங்கிய பையில்.

லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தேன். நடந்ததை டீச்சரிடம் முழுதாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அல்வாப் பெட்டியைப் பார்த்தார்.

"என் ஏழு வருசத்தை ஒரு விள்ளல் அல்வாவோட முழுங்கிட்டீங்களேண்ணே."

"முழுங்கலை டீச்சர். தொண்டையிலேயே நின்னுருச்சு. இப்ப வெளிய எடுத்துருவோம்."

ராஜாமணி அண்ணனுக்கு உதவி செய்யும் ஆசை வந்துவிட்டது. "மாப்ள, இதுல நெட்டு இல்ல போலயே? என் போன்ல ஹாட்ஸ்பாட் போடவா?"

"வேணாம்!" என்று நானும் டீச்சரும் சேர்ந்து கத்தினோம். கீழே லாட்ஜ் வாசலில் நின்றவர்கள் மேலே பார்த்தார்கள்.

பென் டிரைவில் ஃபைலைக் கொண்டுவந்து லேப்டாப்பில் திறந்தேன். டீச்சர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, நான் இரண்டு பெட்டியை ஒன்றாக்கித் திருத்தினேன். அப்போதுதான் அவர் யார் என்பது எனக்குத் தெரிந்தது. ஒரு பெயருக்கும் அவர் தாளைப் பார்க்கவில்லை.

"முருகேசன், கே இனிசியல். இவரு வெற்றிலை வாடல் நோய் பத்தி எழுதுனவரு. அடுத்தது சாந்தி, எஸ். சந்தைக் கமிசன் பத்தி. வருசத்துல ஒரு நம்பரு தப்பா அடிச்சிருக்கீங்க, திருத்துங்க. அடுத்து..."

தப்பாக ஏறியிருந்தவை மொத்தம் ஐம்பத்தெட்டுப் பெயர். கடைசிப் பெயர் கைடுடையது. அதை நான் எழுத்தெழுத்தாக, கல்வெட்டு வெட்டுவதுபோல் அடித்தேன். பிறகு 'புதுப்பி' பட்டனில் விரலை வைத்தேன்.

"இதை நீங்க அமுக்குங்க டீச்சர். எனக்கு இன்னைக்குக் கை ராசியில்ல."

அவர் அமுக்கினார். திரை ஒரு கணம் வெறித்தது. பிறகு பக்கம் பக்கமாக, கே முருகேசனானார், எஸ் சாந்தியானார். முந்நூறு பக்கத்திலும் ஆட்கள் எழுந்து நின்று தங்கள் பெயரைச் சொன்ன மாதிரி இருந்தது. டீச்சர் கைதட்டினார். ராஜாமணி அண்ணன் ஊசியும் நூலுமாக இருந்த கையோடு தட்டிக் குத்திக்கொண்டார்.

நான்கே முக்கால் மணிக்குக் கடை கம்ப்யூட்டரிலிருந்து பிடிஎஃப் ஏறியது. போர்ட்டலில் வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பெறப்பட்டது என்று ஒரு வரியும் ஒப்புகை எண்ணும் வந்தன. டீச்சர் அந்த எண்ணை மூன்று தடவை சத்தமாகப் படித்தார். மூன்றாவது தடவை உடைந்த குரலை உடனே சரிசெய்துகொண்டார்.

சுவர்

"சரிண்ணே, இப்ப என் லைப்ரரியை எனக்குப் பிரிச்சுக் குடுங்க. என் பேர்ல கணக்கு வேணும்" என்றார்.

வெற்றிலையை லேப்டாப்பிலிருந்து ஒரு ஃபைலாக எடுத்து, அவர் பெயரில் புதுக் கணக்கு தொடங்கி அதில் ஏற்றினேன். இருநூற்றுப் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தன. கடைசியாக, நான் போட்டிருந்த தற்காலிகப் பாஸ்வேர்டை மாற்ற வேண்டியிருந்தது. நான் விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன்.

டீச்சர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீங்க செத்த அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்கண்ணே."

திரும்பி உட்கார்ந்தேன். எதிரே வெறும் சுவர். பின்னால் அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டும் சத்தம் கேட்டது.

அடுத்த நாளே மற்றவர்களுக்கும் அவர்களுடைய ஃபோல்டரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கடைக் கணக்கை மூடினோம். இப்போது யார் வந்தாலும் முதல் வேலை, அவரவர் பெயரில் அவரவர் கணக்கு. படித்தவர் கையில்தான் அவர் படித்தது இருக்க வேண்டும். தட்டச்சு செய்கிறவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு டெலிட் பட்டன் இருக்கிறது. அவர்கள் பாஸ்வேர்டு போட்டு முடிக்கும்வரை நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். இத்தனை வருட சர்வீஸில் என்னால் எந்தத் தப்பும் செய்ய முடியாத நேரம் அது ஒன்றுதான்.